டன்னுக்கு 100 கிராம் வைட்டமின் போட்டும் தோல்முட்டை குறையலை, எங்கே போகுது?

#1 மோகனூர் லேயர்
கூண்டு லேயர் (முட்டைக்கோழி), 52 வாரம், சொந்த மிக்சர், மேஷ் (மாவுத்) தீவனம். ஒரு டன்னுக்குப் போடுற கணக்கு இது:

மக்காச்சோளம் 400 கிலோ, கம்பு 100, அரிசிக் குருணை 50, சோயா புண்ணாக்கு 180, சூரியகாந்திப் புண்ணாக்கு 60, எண்ணெய் எடுத்த தவிடு 95, கிரிட் (சுண்ணாம்புக்கல்) 95, டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) 7, உப்பு 4, தவிட்டெண்ணெய் 5. சில்லறை: மெத்தியோனைன் 1.3, கோலின் 0.5, மினரல் 1, டாக்சின் பைண்டர் (பூஞ்சை நஞ்சைப் பிடிச்சு வைக்கறது) 1, ஏபி2டி3கே 100 கிராம், பி காம்ப்ளெக்ஸ் 100 கிராம்.

லேபிள்படி ஏபி2டி3கே 1 கிராமில் ஏ 82,500 ஐ.யூ. (வைட்டமினை அளக்கற அலகு), டி3 12,000 ஐ.யூ., பி2 50 மி.கி., கே 10 மி.கி. பி காம்ப்ளெக்ஸ் 1 கிராமில் இ 40 மி.கி., பி12 40 மைக்ரோகிராம், கூட பி1, பி6, நயாசின், பேன்டோதெனேட்.

தோல்முட்டையும் (ஓடு கட்டாம தோலோட வர்றது) கீறலும் சேர்த்து 4 சதவீதம் தாண்டுது. மஞ்சள் கருவும் வெளுத்துப் போச்சு. வாரத்துல ரெண்டு நாள் ஏடி3இ டானிக்கும் தண்ணியில போகுது. 100 கிராமை 200 ஆக்கிடலாமா, இல்ல கம்பெனியை மாத்தணுமா?

#2 மிக்சர் மேஸ்திரி
மாத்துறதுக்கு முன்னாடி லேபிளைப் பெருக்கிப் பாத்துடலாங்க. யாரும் பண்றதில்லை.

ஏ: 82,500 × 100 = 82.5 லட்சம் ஐ.யூ. டன்னுக்கு, அதாவது கிலோவுக்கு 8,250. தாராளம்.
பி2: கிலோவுக்கு 5 மி.கி. போதும்.
கே: 1 மி.கி. போதும்.
டி3: 12,000 × 100 = 12 லட்சம், கிலோவுக்கு 1,200 ஐ.யூ. இடிக்கிறது இங்கதான்.
இ: 4 மி.கி. குறைச்சல்.
பி12: 0.004 மி.கி. விளிம்புல நிக்குது.
பயோட்டின், ஃபோலிக்: ரெண்டு பாக்கெட்லயும் கிடையாது.

அமெரிக்காவோட என்.ஆர்.சி. (தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில்) 1994 அட்டவணையில, ஒரு நாளைக்கு 100 கிராம் தின்னுற லேயருக்கு டி3 கிலோவுக்கு 300 ஐ.யூ.தான் போட்டிருக்கும். ஏ 3,000. அதைப் பாத்துட்டு "1,200 நாலு மடங்காச்சே"ன்னு நினைக்கக் கூடாது. அது குறைபாடு வராம இருக்கத் தேவையான கடைசிப் படி. கோடவுன் சூடு, பூஞ்சை, கலவைத் தப்பு எதுவும் அதுல சேராது. இப்ப இருக்கற ரகங்களுக்குப் பண்ணைகள்ல 2,500லிருந்து 3,000 வரைக்கும் வைக்கறாங்க.

#3 சில்லறை விலை
அப்போ 200 கிராம்னு சொல்லி முடிச்சிடுவீங்களா? 200 போட்டா டி3 2,400க்கு வரும், சரி. கூடவே ஏ 16,500க்கு ஏறும். ஏ, டி, இ, கே நாலும் கொழுப்போட சேர்ந்து ஒரே வழியில குடலுக்குள்ள போறவை. ஏ மட்டும் குவிஞ்சா டி3, இ ரெண்டையும் முட்டித் தள்ளும். மஞ்சள் கருவுக்குப் போற நிறமியும் குறையும். டி3 குறைச்சலுக்கு டி3 மட்டும் போடணும். பாக்கெட்டை ரெட்டிப்பாக்குறது விக்கறவனுக்குத்தான் லாபம்.

#4 பிரீமிக்ஸ் ராசா
விக்கிற பக்கம் இருக்கற ஆள் நான், ஆனாலும் #3 சொல்றது சரி.

டி3 தனியாக 500 கிரேடு தூளாகக் கிடைக்கும். 1 கிராமில் 5 லட்சம் ஐ.யூ. உங்களுக்கு 3,000 வேண்டும், 1,200 இருக்கிறது, பாக்கி 1,800. டன்னுக்கு 18 லட்சம் ஐ.யூ. அதை 5 லட்சத்தால் வகுத்தால் 3.6 கிராம்.

இந்த 3.6 கிராமை நேரடியாக மிக்சரில் போடவே கூடாது. 36 கிராம் டி3யை எடுத்து, சலித்த தவிட்டோடு படிப்படியாகக் கலந்து மொத்தம் 10 கிலோ ஆக்குங்கள். அதிலிருந்து டன்னுக்கு 1 கிலோ. நகைக்கடைத் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தசமப் புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும், ஓட்டின் மேல் பரு பருவாக வரும், பிறகு சாவு. தராசு இல்லாதவர்கள் டி3, இ, பி12, பயோட்டின் சேர்த்து டன்னுக்கு 500 கிராம் அல்லது 1 கிலோ போடும் பிரீமிக்ஸாக (முன்கலவையாக) செய்து தரச் சொல்லி வாங்குவது நல்லது.

இ 50 சதவீதத் தூளாக வரும். கிலோவுக்கு 20 மி.கி. ஆக்க இன்னும் 16 வேண்டும், அதற்கு டன்னுக்கு 32 கிராம். பி12 1 சதவீதத் தூளில் டன்னுக்கு 1 கிராம் போட்டால் கிலோவுக்கு 0.01 மி.கி. கூடும். மீன்தூள் இல்லாத சைவத் தீவனத்தில் பி12 துளியும் இல்லை. கூண்டுக்கோழிக்கு எருவைக் கிளறித் தின்னும் வழியும் இல்லை. அதனால் பாக்கெட்டில் இருப்பதுதான் அதற்கு எல்லாம்.

#5 கத்தரிக்கோல்
கணக்கு சரி. ஆனால் தோல்முட்டைக்கு டி3 ஒன்றுதான் காரணம் என்று இழை போய்க்கொண்டிருக்கிறது. அங்கே நான் ஒப்பவில்லை.

முதலில் கால்சியம். கிரிட் 95 கிலோவில் சுமார் 36 கிலோ கால்சியம். டி.சி.பி.யிலிருந்து ஒன்றரை கிலோ. மொத்தம் 3.75 சதவீதத்துக்குப் பக்கம். 110 கிராம் தின்றால் 4.1 கிராம் கால்சியம் கிடைக்கும். வெயிலில் தீனி 95 கிராமுக்கு இறங்கினால் 3.6 கிராம்தான். 52 வாரக் கோழிக்கு இது பத்தாது. அதே கணக்கில் டி3யும் இறங்குகிறது: 110 கிராமில் 132 ஐ.யூ., 95 கிராமில் 114. தீனி எடுப்பு குறைந்தால் எல்லாமே குறையும். ஆகவே முதல் வேலை, தொட்டியில் போட்டதையும் மிச்சத்தையும் மூன்று நாள் நிறுத்துப் பார்ப்பது.

இரண்டாவது, கிரிட்டின் பருமன். மாவாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். ஓடு கட்டுவது ராத்திரியில். 2 முதல் 4 மி.மீ. துண்டுகள் கிசர்டில் (அரைப்பையில்) தங்கி ராத்திரி முழுக்கக் கரையும். பாதிக்கு மேல் துண்டாக இருக்கட்டும்.

மூன்றாவது, இரைப்பு. கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். ரத்தத்தில் காரத்தன்மை ஏறும், ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட்டும் கால்சியமும் குறையும். டி3 எவ்வளவு போட்டாலும் இதை நிறுத்தாது. சோடா உப்பு டன்னுக்கு 1 முதல் 2 கிலோ, தீனியை விடிகாலை 5 மணிக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுவது, நடுராத்திரியில் ஒரு மணி நேரம் விளக்குப் போட்டுத் தீனி காட்டுவது, இவைதான் வேலை செய்யும்.

ஓடு திடீரென்று ஒரே வாரத்தில் கெட்டு, முட்டை எண்ணிக்கையும் விழுந்தால், ஐ.பி. (மூச்சுக்குழல் அழற்சி), ஈ.டி.எஸ். (முட்டை வீழ்ச்சி நோய்) மாதிரி வைரஸ் நோய்களைப் பாருங்கள். வைட்டமின் குறை மெல்லத்தான் இறங்கும்.

#6 மோகனூர் லேயர்
தீனி நிறுத்தேன். 99 கிராம்தான் போகுது. கிரிட்டு முக்கால்வாசி மாவு. தலை சுத்துது.

கலக்குற முறையும் சொல்லிடறேன். நிக்கிற மிக்சர் (செங்குத்து), ஒரு டன். சில்லறை எல்லாத்தையும் ஒரே பிளாஸ்டிக் பேசின்ல கொட்டி, கையில கிளறி, ஓடும்போது மேலிருந்து போடுவாங்க. கடைசி மூட்டை விழுந்து 5 நிமிஷத்துல இறக்கிடுவாங்க. வைட்டமின் பெட்டி கோடவுன் பரண்ல இருக்கும்.

#7 மிக்சர் மேஸ்திரி
எங்கே போகுதுன்னு கேட்டீங்களே, பாதி அந்தப் பேசின்லயே போகுதுங்க.

கோலின் குளோரைடு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். பாக்கெட்டைப் பிரிச்சு உள்ளங்கையில கொஞ்சம் வெச்சு மூடிப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல பிசுபிசுன்னு ஒட்டும். அந்த ஈரத்துல செம்பு, இரும்பு, மாங்கனீசு சல்பேட்டு கரைஞ்சு வைட்டமின்மேல ஏறும். கே, பி1, ஏ மூணும் முதல்ல அடி வாங்கும். ஏ மேல ஜெலட்டின் பூச்சு இருக்கும், ஆனா ஈரம் பட்டா அதுவும் இளகிடும். தீவனத்துக்குள்ள பரவின பிறகு பயமில்லை. ஒரு டன்ல பரவினதுக்கு அப்புறம் ஒண்ணோட ஒண்ணு உரச வாய்ப்பு கம்மி, கோழியும் நாலஞ்சு நாள்ல தின்னு தீத்துடும். கெடுறது மொத்தமா ஒரே பேசின்ல நெருங்கிக் கிடக்கும்போதுதான். காலையில கொட்டி வெச்சு சாயங்காலம் வரைக்கும் அதையே போட்டா சொல்லவே வேணாம்.

முறை இதுதான். மூணு பேசின். ஒண்ணுல வைட்டமின் மட்டும், ஒண்ணுல மினரல், ஒண்ணுல கோலின். வைட்டமின் 200 கிராமோட முதல்ல 1 கிலோ தவிடு, கலக்குங்க. அதோட 4 கிலோ மக்காச்சோள மாவு, கலக்குங்க. அதோட 20 கிலோ, கலக்குங்க. இந்த 25 கிலோதான் மிக்சருக்குள்ள போகணும். மிக்சர்ல மக்காச்சோளம் பாதி விழுந்த பிறகு, சோயாவுக்கு முன்னாடி. காலி மிக்சர்ல முதல்ல போட்டா அடியில ஸ்க்ரூவுல தங்கிடும், கடைசியில போட்டா மேலயே நிக்கும். கிரிட்டு கனமானது, கடைசியா போகட்டும். எண்ணெய் எல்லாம் கலந்த பிறகு, ஊத்தாம தெளிக்கணும்.

நேரம்: செங்குத்து மிக்சருக்குக் கடைசி மூட்டை விழுந்த பிறகு 12 முதல் 15 நிமிஷம். படுக்கை ரிப்பன் மிக்சருக்கு 4, 5 போதும். உங்க 5 நிமிஷத்துல ஒரு கூண்டு வரிசைக்கு ரெட்டிப்பும் இன்னொண்ணுக்கு ஒண்ணுமில்லாமலும் போயிருக்கும். தோல்முட்டை எந்த வரிசையில ஜாஸ்தின்னு எண்ணியிருக்கீங்களா? சேந்தாப்புல சில வரிசையில மட்டும் வந்தா மிக்சரைத்தான் சந்தேகப்படணும்.

சரிபார்க்க உப்புச் சோதனை இருக்கு. இறக்கும்போது ஆரம்பம், நடு, கடைசின்னு 10 மாதிரி. ஒவ்வொண்ணுலயும் 10 கிராம், 90 மி.லி. வெந்நீர்ல கலக்கி வடிகட்டி, குளோரைடு பட்டையை (உப்பு அளவு காட்டற காகிதப் பட்டை) அதுல நிறுத்துங்க. பத்து அளவோட வேறுபாட்டுக் குணகம் (திட்ட விலக்கத்தைச் சராசரியால வகுத்த சதவீதம்) 10 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்ல கலவை. 20 தாண்டினா நேரத்தைக் கூட்டுங்க, இல்ல ஸ்க்ரூ தேஞ்சிருக்கான்னு பாருங்க.

#8 பிரீமிக்ஸ் ராசா
இன்னொரு மலிவு வழி. நோட்டு சரிபார்க்கும் புற ஊதா டார்ச் இருக்கிறதல்லவா? பி2 அதில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். பத்து மாதிரிகளையும் கறுப்பு அட்டையில் மெல்லப் பரப்பி, இருட்டறையில் அடித்துப் பாருங்கள். புள்ளிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒன்றில் நெருக்கமாகவும் ஒன்றில் வெறுமையாகவும் இருந்தால் கதை தெரிந்துவிடும். இது அளவு சொல்லாது, பரவியிருக்கிறதா என்று மட்டும் காட்டும். எச்சரிக்கை: பூஞ்சை பிடித்த மக்காச்சோள உடைசலும் பளிச்சென்று பச்சை மஞ்சளாக ஒளிரும். அது துண்டாக, சோள ஓரத்தில் ஒட்டி இருக்கும். அதைக் கண்டால் வைட்டமினை விட்டுவிட்டு அஃப்ளாடாக்சின் (பூஞ்சை நஞ்சு) சோதனைக்கு அனுப்புங்கள்.

பரணிலிருந்து பெட்டியை இன்றே இறக்குங்கள். கல்நார் ஓட்டுக்குக் கீழே சித்திரையில் 40 டிகிரிக்கு மேல் போகும். 25 டிகிரிக்குள், வெயில் படாமல், பிரித்த பையின் வாயை இறுக்கிக் கட்டி. பி2 வெளிச்சத்திலும் கே சூட்டிலும் ஈரத்திலும் கெடும். வைட்டமின் மட்டும் உள்ள பையை 3 மாதத்துக்குள் தீருங்கள். மினரலும் கோலினும் சேர்ந்தே வரும் பையென்றால் ஒரு மாதம்.

#9 கோழிக்குஞ்சு
புதுசா வர்றேன், கோச்சுக்காதீங்க. ஷெட்டு ரெண்டு பக்கமும் திறந்துதானே இருக்கு, வெயில் வருதே? டி எதுக்குக் காசு கொடுத்துப் போடணும்?

#10 சில்லறை விலை
நல்ல கேள்விதான். தோல்ல டி3 ஆகறதுக்கு நேர் வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் படணும். கூரை நிழல்ல வர்ற வெளிச்சம் பத்தாது. மேயற நாட்டுக்கோழிக்குக் காலுலயும் முகத்துலயும் வெயில் படுது, அதுக்கு ஓரளவு கிடைக்கும். கூண்டுக்கோழிக்குப் பையில வர்றதுதான். வாங்கும்போது டி3 தானான்னு பாருங்க. மனுஷனுக்கு டி2 வேலை செய்யும், கோழிக்கு அது கிட்டத்தட்ட வீண்.

சும்மா ஒண்ணு: வைட்டமின்னு ஒண்ணு இருக்குன்னு மனுஷன் தெரிஞ்சுக்கிட்டதே கோழியாலதான். 1890கள்ல ஜாவாவுல எய்க்மன்ங்கிற டச்சு டாக்டர் வளர்த்த கோழிங்க தீட்டின அரிசிச் சோறு தின்னு கால் விழுந்து கிடந்துச்சு. தவிட்டோட அரிசிக்கு மாத்தினதும் எழுந்துடுச்சு. பி1 கதை அது. கே வைட்டமினும் அப்படித்தான், கோபன்ஹேகன்ல டாம்ங்கிற விஞ்ஞானி, கொழுப்பில்லாத தீனி போட்ட குஞ்சுகளுக்கு ரத்தம் உறையாம போனதுல கண்டுபிடிச்சது. நோபல் ரெண்டு பேருக்கும், கோழிக்கு ஒண்ணுமில்லை.

#11 புதுச்சத்திரம்
இழை நடுவுல வர்றேன். 18 நாள் லேயர் குஞ்சு. 3 சதவீதம் மாதிரி முழங்கால்ல உக்காந்துடுது. கால் விரல் உள்பக்கமா மடங்கியிருக்கு. தீனி கேக்குது, கண்ணு தெளிவு. மேரெக்ஸ்னு (வைரஸ் வாத நோய்) ஒருத்தர், பி காம்ப்ளெக்ஸ்னு ஒருத்தர், கால்சியம்னு ஒருத்தர். எது?

#12 கத்தரிக்கோல்
போனில் படம் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை. நாலைந்து குஞ்சை அறுத்துப் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

அலகை விரலால் அழுத்துங்கள். ரப்பர் மாதிரி வளைந்தால் ரிக்கெட்ஸ், அதாவது டி3, கால்சியம், பாஸ்பரஸ் பக்கம். மார்பெலும்பு எஸ் மாதிரி நெளிந்திருக்கும். விலாவெலும்பு முதுகெலும்போடு சேரும் இடத்தில் மணி கோத்தது போல் தட்டுப்படும். அலகு கெட்டியாக இருந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

முழங்கால் மூட்டின் பின்னால் இருக்கும் நார் பக்கவாட்டில் நழுவி, மூட்டு வீங்கிக் கால் வெளியே திரும்பியிருந்தால் பெரோசிஸ். மாங்கனீசு, கோலின், பயோட்டின் மூன்றையும் பாருங்கள். நழுவின நார் திரும்பாது.

தொடையின் உள்பக்கத் தசையைப் பிரித்தால் வெள்ளை நூல் மாதிரி ஓடும் நரம்பு தெரியும். பி2 குறையென்றால் இரண்டு காலிலும் அது தடித்து மெத்தென்றிருக்கும், சில குஞ்சில் இயல்பைவிட நாலைந்து மடங்கு தடிப்பு. மேரெக்ஸிலும் நரம்பு தடிக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகம், ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே நீளும். 18 நாளில் மேரெக்ஸ் வாதம் வருவது அரிது, அது பிந்திய வயதுச் சங்கதி.

தலையை முதுகின் மேல் மடித்து வானம் பார்த்தால் பி1. தலை கீழே தொங்கி, விழுந்து, கால் உதறினால் சிறுமூளையைத் திறந்து பாருங்கள். வீங்கி, ரத்தப் புள்ளியோடு இருந்தால் இ குறைவு; தீவனத்தில் எண்ணெய் சிக்குவாடை அடிக்கிறதா என்று முகருங்கள். கழுத்தும் தலையும் மெல்ல நடுங்கினால் ஏ.இ. வைரஸையும் (மூளை, தண்டுவட அழற்சி) நினைவில் வைக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பி2 முன்னே நிற்கிறது. குஞ்சுக்குத் தீவனத்தில் குறைந்தது கிலோவுக்கு 3.6 மி.கி. வேண்டும், நடைமுறையில் 6 முதல் 8 வைக்கலாம். இப்போது தீவனத்தை 10 மி.கி.க்கு ஏற்றி 2 வாரம். தண்ணீரில் குஞ்சுக்கு 100 மைக்ரோகிராம் வீதம் அடுத்தடுத்து 2 நாள். 1,000 குஞ்சுக்கு வெறும் 100 மி.கி.தான், பாட்டில் பாட்டிலாக ஊற்ற வேண்டியதில்லை. விழுந்தவற்றைத் தனியே பிரித்து, தீனியும் தண்ணீரும் மூக்குக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பாதி குஞ்சு பட்டினியிலும் மிதிபட்டும்தான் சாகிறது. ஆரம்ப நிலையில் உள்ளவை சில நாளில் எழும். விரல் நாள்பட மடங்கியவற்றில் நரம்பு கெட்டிருக்கும், அவை தேறாது.

#13 புதுச்சத்திரம்
நன்றிங்க டாக்டர். நரம்பு ரெண்டு பக்கமும் தடிப்பு, அலகு கெட்டி. இன்னொண்ணு, ரத்தக் கழிச்சலுக்குப் போன வாரம் 5 நாள் ஆம்ப்ரோலியம் கொடுத்தது. அதோடவே பி காம்ப்ளெக்ஸும் சேத்துத் தண்ணியில. அதுல ஏதாவது தப்பா?

#14 கத்தரிக்கோல்
தப்புதான். ஆம்ப்ரோலியம் பி1க்குப் போலி. காக்சிடியா (ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணி) பி1 என்று நினைத்து அதை உள்ளே இழுத்துப் பட்டினியில் சாகும். கூடவே பி1 ஊற்றினால் ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு போட்டு மருந்தையும் கொடுத்ததாகும்.

20 சதவீதத் தூளென்றால் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 கிராம் வரை, 3 முதல் 5 நாள். பிறகு லிட்டருக்கு 0.3 கிராமாக ஒரு வாரம். அந்த நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் கிடையாது. ஏ, கே கொடுக்கலாம்: குடல் சவ்வு ஆற ஏ, ரத்தம் கட்ட கே. மருந்து முடிந்த மறுநாள் முதல் 3 நாள் பி காம்ப்ளெக்ஸ். ஆம்ப்ரோலியத்தை அளவு மீறியோ வாரக்கணக்கிலோ கொடுத்தால் கோழிக்கே பி1 குறையும், வானம் பார்க்கும்.

சல்ஃபாகுயினாக்சலின் (இன்னொரு ரத்தக் கழிச்சல் மருந்து) கொடுப்பவர்கள் கே சேர்க்காமல் கொடுக்க வேண்டாம். அது கேயின் வேலையைத் தடுக்கும், தசைக்குள் ரத்தம் கசியும். மூக்கு வெட்டுக்கு (அலகு நுனியை வெட்டுவது) 2 நாள் முன்பிருந்து 2 நாள் பின்புவரை கே கொடுப்பதும் இந்த ரத்தத்துக்காகத்தான்.

#15 சில்லறை விலை
வாரம் ரெண்டு நாள் டானிக் விஷயத்துக்கு வருவோம். மோகனூர்காரரே, அந்தக் காசை எழுதி வெச்சிருக்கீங்களா?

தீவனத்துல தினமும் போறதை, வாரத்துல ரெண்டு நாள் தண்ணியில ஊத்தி ஈடு கட்ட முடியாது. டானிக் எதுக்குன்னா, தடுப்பூசி, மூக்கு வெட்டு, கூண்டு மாத்தற நாள், நோய்ல தீனி விழுந்த நாள், இதுக்கு மூணு நாள். தீனி தின்னாத கோழி தண்ணி குடிக்கும்ங்கிற ஒரே காரணம்தான்.

கொடுத்தாலும் எத்தனை கோழின்னு எண்ணி ஊத்துங்க, எத்தனை லிட்டர்னு பாத்து ஊத்தாதீங்க. 10,000 கோழி குளிர்ல 2,200 லிட்டர் குடிக்கும், வெயில்ல 3,500. "1,000 லிட்டருக்கு இவ்வளவு"ன்னு ஊத்தினா வெயில்ல ஒண்ணரை மடங்கு போகும். டேங்க்ல குளோரின் இருந்தா அன்னைக்கு நிறுத்துங்க, வைட்டமினும் போகும் குளோரினும் போகும். நாள் முழுக்கக் கலந்து வைக்காம, காலையில 4 மணி நேரத்துல குடிச்சு முடிக்கற அளவு தண்ணியில மட்டும் கலக்குங்க. எண்ணெய்ச் சத்துன்னா நல்லா கரையற எமல்ஷனா பாத்து வாங்குங்க, இல்லன்னா மேலே மிதந்து டேங்க் சுவர்ல ஒட்டும், நிப்பிளுக்கு வராது. முடிஞ்ச பிறகு லைனை அழுத்தத்துல அலசணும். டானிக்ல இருக்கற சர்க்கரைல பைப்புக்குள்ள வழுவழுன்னு பாசி பிடிக்கும். அப்புறம் ஈ-கோலை வந்துச்சுன்னு ஆன்டிபயாடிக் தேடுவோம்.

#16 மிக்சர் மேஸ்திரி
தவிட்டெண்ணெய் 5 கிலோ போட்டிருக்கீங்களே, டிரம் எங்க இருக்கு? வெயில்ல நிக்குதுன்னா சிக்கிடும். சிக்கின எண்ணெய் இ வைட்டமினைத் தின்னுடும், ஏயும் போகும். விரல்ல தேச்சு முகந்து பாருங்க, பெயின்டு வாடை அடிச்சா வேண்டாம். மில்லுலயே ஆன்டிஆக்சிடன்ட் போட்டு வாங்குங்க.

#17 பிரீமிக்ஸ் ராசா
அதோடு பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரச் சோளம் வாங்கி அடுக்கினால், பையில் எவ்வளவு வைட்டமின் இருந்தாலும் கோழி எடுத்துக்கொள்ள முடியாது. அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும். பித்தநீர் குறைந்தால் ஏ, டி, இ, கே குடலைத் தாண்டாது. தாண்டின டி3யும் ஈரலில்தான் 25 ஹைட்ராக்சி டி3 ஆக மாற வேண்டும், கெட்ட ஈரலில் அதுவும் பாதி. ஈரல் கெட்ட கூட்டத்தில் 25 ஹைட்ராக்சியை நேரடியாகக் கொடுப்பதற்குக் காரணம் இது. டன்னுக்கு 69 மி.கி. என்ற அளவில் போடுவார்கள், அதுவே தீவனத்தில் கிலோவுக்கு 2,760 ஐ.யூ. டி3க்குச் சமம். இதைப் போடும்போது 3,000 டி3யையும் மேலே ஏற்றாதீர்கள். பைண்டர் போட்டிருக்கிறேன் என்று ஈரச் சோளத்தை வாங்காதீர்கள், 13 சதவீதத்துக்கு மேல் ஈரமென்றால் வண்டியைத் திருப்புங்கள்.

#18 மோகனூர் லேயர்
மஞ்சள் கரு வெளுப்பைப் பத்தி யாரும் சொல்லலையே. ஏ குறைவா?

#19 மிக்சர் மேஸ்திரி
இல்லீங்க. பையில வர்ற ஏவுக்குக் கருவுல நிறம் கொடுக்கற வேலை இல்லை. நிறம் கொடுக்கறது மக்காச்சோளத்துல இருக்கற சாந்தோஃபில்ங்கிற மஞ்சள் நிறமி. சோளத்தை 400க்கு இறக்கி கம்பும் குருணையும் ஏத்தினீங்க, ரெண்டுலயும் அது கிட்டத்தட்ட இல்லை. சோளம் விலை இறங்கினா தானா வந்துடும், அவசரம்னா செண்டுமல்லிச் சாறுத் தூள், லேபிள் அளவு. நம்ம முட்டைக்கு நிறம் பாத்து யாரும் விலை கூட்டித் தர்றதில்லை, நான் போட மாட்டேன்.

ஏ நிஜமாவே குறைஞ்சா வேற மாதிரி தெரியும்: கருவுல ரத்தப் புள்ளி, கண்ணுல தயிர் மாதிரி சீழ், அறுத்தா உணவுக்குழாய் உள்ள வெள்ளை வெள்ளையா குருணை ஒட்டின மாதிரி. சிறுநீரகத்துல சுண்ணாம்புத் தூள் மாதிரி யூரேட் (யூரிக் அமில உப்பு).

பி2 தெரியணும்னா முட்டையை உடைச்சு வெள்ளைக் கருவை வெள்ளைத் தட்டுல ஊத்திப் பாருங்க. லேசா பச்சை மஞ்சள் சாயல் இருந்தா பி2 போய்ச் சேருது.

#20 கோழிக்குஞ்சு
வெயிலுக்கு சி வைட்டமின்?

#21 கத்தரிக்கோல்
கோழி தானே சிறுநீரகத்தில் சி தயாரித்துக்கொள்ளும். சாதாரண நாளில் தேவையில்லை. கடும் வெயிலில் தயாரிப்பு பத்தாமல் போகும், அப்போது பூச்சுப் போட்ட சி டன்னுக்கு 200 முதல் 250 கிராம். பூச்சில்லாதது தீவனத்தில் நிற்காது. தண்ணீரில் கொடுத்தால் கலந்த உடனே குடிக்க வேண்டும், இரும்பு, செம்பு கலந்த தண்ணீரில் இன்னும் சீக்கிரம் அழியும். வெயிலுக்கு இ வைட்டமினைக் கிலோவுக்கு 250 மி.கி. வரை ஏற்றிச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன, முட்டை விழுவது குறைந்தது. ஆனால் அந்த விலையில் முதலில் கூரைக்குத் தென்னங்கீற்றும் ஸ்பிரிங்ளரும் போடுவேன்.

#22 மோகனூர் லேயர்
சரிங்க, இப்ப நான் செய்யப் போறது. கிரிட்டு பாதிக்கு மேல துண்டு, 95லிருந்து 105 கிலோ, தவிடு 85. சோடா உப்பு 1 கிலோ. டானிக் நிறுத்தம். மூணு பேசின். மிக்சர் 15 நிமிஷம், இறக்கும்போது உப்புச் சோதனை. ஒவ்வொரு கலவையிலயும் 1 கிலோ எடுத்துத் தேதி போட்டு 2 மாசம் வைக்கப் போறேன். 3 வாரத்துல சரியாகலைன்னா, பத்து இடத்துல எடுத்த மாதிரியை ஒண்ணா கலந்து அரைக் கிலோ நாமக்கல் கால்நடைக் கல்லூரித் தீவன ஆய்வகத்துக்கு. அப்புறம் இ 32 கிராம், டி3 36 கிராம் டன்னுக்குத் தவிட்டுல கலந்து...

#23 பிரீமிக்ஸ் ராசா
நிறுத்துங்க! 36 கிராம் 10 டன்னுக்கு. டன்னுக்கு 3.6. நீங்க எழுதினபடி போட்டால் கிலோவுக்கு 19,200 ஐ.யூ. போகும். 36 கிராமை 10 கிலோ ஆக்கி, அதில் 1 கிலோதான் ஒரு டன்னுக்கு.

#24 மோகனூர் லேயர்
நல்லவேளை கலக்கலை. 10 கிலோ வாளிமேல பெயின்ட்ல எழுதிட்டேன்: "டி3, டன்னுக்கு ஒரு கிலோ, 10 டன்னுக்கு ஒரு வாளி". எங்க பண்ணை மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது, அதனால உள்ள ஒரு கிலோ டப்பா ஒண்ணும் போட்டாச்சு. அந்த டப்பா நிறைய அளந்தா ஒரு டன்.

#25 மிக்சர் மேஸ்திரி
அந்த டப்பாவையும் ஒரு தடவை தராசுல வெச்சுடுங்க. சலிச்ச தவிடு டப்பா நிறைய அளந்தா கிலோ வராது, 400 கிராம்கூட தேறாது.